ஒட்டிக்கொண்டவரா அர்னாஸ்?

கேள்வி: அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த டெசிலு நிறுவனம், லூசில் பால் என்ற நடிகையின் புகழில் வளர்ந்ததுதானே? கணவர் டெசி அர்னாஸ் ஒட்டிக்கொண்டவர் என்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. நிறுவனத்தின் பெயரிலேயே டெசி முன்னால் நிற்கிறார். அதையாவது கவனித்திருக்கலாம்.

லூசில் பால் நடித்த வானொலி நகைச்சுவைத் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனம் விரும்பியது. கணவன் வேடத்தில் என் கணவரே நடிக்க வேண்டும் என்றார் அவர். அமெரிக்கப் பெண்ணுக்குக் கியூபாக்காரர் கணவரா, மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று நிர்வாகிகள் தயங்கினார்கள். தம்பதி வாதாடி நேரத்தை வீணாக்கவில்லை. 1950இல் டெசிலுவைத் தொடங்கினார்கள், மேடை நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்து ஊர் ஊராகப் போனார்கள். அரங்குகளில் எழுந்த சிரிப்பு, நிர்வாகிகளின் வாயை அடைத்தது.

அடுத்து வந்த தகராறில்தான் அர்னாஸ் யார் என்பது தெரிகிறது. அந்நாளில் பெரிய நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். தொலைவில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது, தொலைக்காட்சித் திரையையே படமெடுத்த மங்கல் பிரதி. இவர்களோ லாஸ் ஏஞ்சலஸை விட்டு நகர மறுத்தார்கள். அப்படியென்றால் மங்கல் பிரதி கிழக்குப் பக்கத்துக்குப் போகும். நிகழ்ச்சிக்குப் பணம் தந்த ஃபிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அங்கேதான்! அது ஒப்புமா?

அர்னாஸ் வழி சொன்னார். பார்வையாளர்களை அரங்கில் உட்காரவைத்து, அவர்கள் முன்னிலையில் மூன்று கேமராக்களால் 35 மி.மீ. படச்சுருளிலேயே எடுத்துவிடுவோம். (இந்த முறையை அவரே கண்டுபிடித்தார் என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள். பல கேமராக்களைக் கொண்டு சுருளில் எடுப்பதை வேறு சிலர் முன்பே செய்திருந்தார்கள்.) ஒளிப்பதிவுக்கு, புகழ்பெற்ற ஜெர்மன் மௌனப் படமான ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் பணியாற்றிய கார்ல் ஃப்ராயிண்டை அழைத்து வந்தார்கள். செலவு கூடுகிறதே என்ற கேள்விக்கு அர்னாஸ் தந்த பதிலில்தான் நிறுவனத்தின் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது: வாரத்துக்கு ஆயிரம் டாலர் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம், சுருள்களின் உரிமையை எங்களுக்குத் தாருங்கள். சி.பி.எஸ். தலையாட்டியது. ஒருமுறை பார்த்த நகைச்சுவையை மறுபடி யார் பார்ப்பார்கள் என்பது அன்றைய கணக்கு.

இப்படி எடுத்த தொடர்தான் ‘ஐ லவ் லூசி’. 1951 அக்டோபர் 15 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டே கணக்கு பொய்த்தது. லூசில் கருவுற்றிருந்ததால் பழைய பகுதிகளை மறுபடி ஒளிபரப்ப நேர்ந்தது. மக்கள் பார்த்தார்கள், சலிக்காமல் பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, ஆயிரம் டாலர் மிச்சம் பிடித்த அதே சி.பி.எஸ். அந்தச் சுருள்களைத் திரும்ப வாங்கச் சுமார் 50 லட்சம் டாலரை எண்ணி வைத்தது.

இங்கே அர்னாஸையும் நான் விடப்போவதில்லை. அந்தத் தொடர் இன்றுவரை மறுஒளிபரப்பாகிக்கொண்டிருக்கிறது. கறவை மாட்டை விற்றுத் தொழுவம் வாங்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தொழுவம், ஆர்.கே.ஓ. என்ற பழைய ஹாலிவுட் பட ஸ்டுடியோ. விலை 61.5 லட்சம் டாலர். தம்பதி முதன்முதலாகச் சந்தித்ததே 1940இல் ஆர்.கே.ஓ. படம் ஒன்றில் நடிக்கப் போனபோதுதான். சம்பளத்துக்கு நடித்த இடத்தையே விலைக்கு வாங்குவதில் ஒரு சுகம் இருந்திருக்கும், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஸ்டுடியோ என்பது படப்பிடிப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் தீனி கேட்கும்.

பிறகு குடி, மண வாழ்வில் விரிசல், 1960இல் விவாகரத்து. 1962இல் அர்னாஸின் பங்குகளை லூசில் வாங்கிக்கொண்டார். உங்கள் கேள்வியில் பாதி நியாயம் தேட வேண்டுமென்றால் இந்த இடத்தில்தான் தேட வேண்டும். நடிகையாக மட்டும் அல்ல, முதலாளியாகவும் அவர் நின்று காட்டினார். ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடரின் முதல் மாதிரிப் பகுதியை என்.பி.சி. ஒளிபரப்பு நிறுவனம் நிராகரித்தது. டெசிலு இரண்டாவதையும் எடுத்துக் கொடுத்தது. அதுவும் ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடரும் 1966 செப்டம்பரில் ஒளிபரப்புக்கு வந்தன. இரண்டுமே பணத்தை விழுங்கியவை.

1967இல், சுமார் 1.7 கோடி டாலருக்கு, நிறுவனத்தை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெருந்தொழில் குழுமத்திடம் விற்றார் லூசில். அவர்களிடம் ஏற்கெனவே பாரமவுண்ட் பட நிறுவனம் இருந்தது. அதன் வளாகம் டெசிலுவின் வளாகத்துக்கு அடுத்ததுதான். நடுவிலிருந்த சுவரை இடித்தார்கள், டெசிலு என்ற பெயரையும் எடுத்தார்கள். அந்த இரண்டு தொடர்களையும் வைத்துப் பாரமவுண்ட் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது.