பெட்டியின் கையில் இருந்த கணக்குப் புத்தகம்

கேள்வி: கொலம்பியாவின் ‘யோ சோய் பெட்டி, லா ஃபேயா’ தொடரையும் அதன் அமெரிக்க மறுஆக்கமான ‘அக்லி பெட்டி’யையும் ஒப்பிட்டு எம்.ஏ. ஆய்வேடு எழுதுகிறேன். அமெரிக்கப் பெட்டிதான் முற்போக்கு என்று முடித்துவிடலாமா?
– ஊடகத் துறை மாணவி, திருநெல்வேலி

பதில்: அவசரப்படாதீர்கள். நாயகி பெட்டி கடைசியில் யாரைக் கைப்பிடிக்கிறாள் என்பதை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஃபெர்னாண்டோ கைத்தான் எழுதிய மூலத்தில் (1999–2001) அவள் முதலாளி அர்மாண்டோவை மணக்கிறாள். அமெரிக்கத் தொடரில் (2006–2010) வேலை கிடைத்து லண்டன் போகிறாள்.

பணம் யார் கையில் என்று பாருங்கள், படம் மாறிவிடும். கொலம்பியத் தலைநகர் போகோட்டாவின் பெட்டி பொருளாதாரம் படித்தவள். கடனில் மூழ்கும் அர்மாண்டோவின் ஆடை நிறுவனமான எகோமோதாவைக் காப்பாற்ற அவள் பெயரில் தெர்ராமோதா என்ற நிறுவனம் தொடங்கப்படுகிறது. கம்பெனியின் குடுமி அவள் கைக்கு வருகிறது. அதைக் கொண்டு போய்விடுவாளோ என்ற பயத்தில்தான் அர்மாண்டோ காதலிப்பதாக நடிக்கத் தொடங்குகிறான். பின்னால் தலைவர் நாற்காலியிலேயே அவள் உட்காருகிறாள். நியூயார்க் பெட்டி பத்திரிகை ஆசிரியரின் உதவியாளராகச் சேர்ந்து எழுத்தில் முன்னேறுகிறாள்; முதலாளியின் சொத்து அவள் பெயரில் இல்லை. அமெரிக்க மறுஆக்கம் பொய்க்காதலை வெட்டியெறிந்தபோது கணக்குப் புத்தகமும் கூடவே போய்விட்டது!

முடிவு மாறியதற்குக் கலாசாரத்தை மட்டும் காரணம் காட்டாதீர்கள். மூலம் தினத்தொடர், கல்யாணத்தை நோக்கியே ஓடும். மற்றது வாரம் ஒருமுறை, சீசன் சீசனாக வருவது. ஜோடி சேர்ந்துவிட்டால் கதை படுத்துவிடும். இதே கதையின் ஜெர்மன் வடிவமான ‘ஃபெர்லீப்ட் இன் பெர்லின்’ தினத்தொடர்தான். அங்கும் நாயகி லீசா முதலாளி டேவிட்டைத்தான் மணக்கிறாள். இதை மூன்றாவதாகச் சேர்த்தால் உங்கள் வாதம் தப்பிக்கும்.

கேள்வி: இரண்டு தொடர்களிலும் பெண்கள் பேசும் வசனங்களை எப்படி எண்ணுவது?

பதில்: முழுத்தொடரையும் எண்ணினால் ஏமாறுவீர்கள். மூலம் 300-க்கும் மேற்பட்ட அரைமணி எபிசோடுகள். அமெரிக்கத் தொடர் 85. இரண்டிலும் உள்ள நான்கு கட்டங்களை எடுங்கள்: வேலைக்குச் சேர்வது, முதல் அவமானம், தோற்ற மாற்றம், கடைசி எபிசோடு. எண்ணிக்கை வேண்டாம், பேசும் நேரத்தில் பெண்களின் பங்கைச் சதவீதமாக எழுதுங்கள். ‘முடிவெடுப்பது யார்’ என்று தனிப் பத்தி போடுங்கள். ஒரு கட்டத்தைத் தோழியும் தனியாகக் குறிக்கட்டும். இருவர் விடையும் முட்டிக்கொண்டால் உங்கள் வரையறை தளர்வு என்று பொருள்.

ஆங்கில சப்டைட்டிலை நம்பி மட்டும் எழுதாதீர்கள். ‘தோன் அர்மாண்டோ’ என்று அவள் மரியாதையாக அழைப்பதைக் காதால் கேளுங்கள். நியூயார்க்கில் அதே முதலாளி வெறும் ‘டேனியல்’. ஸ்பானிஷின் மரியாதைச் சொல்லும் சாதாரணச் சொல்லும் சப்டைட்டிலில் எல்லாமே ‘யூ’தான்; நீ, நீங்கள் என்று பிரித்துப் பேசும் நமக்கு அந்த இழப்பு சட்டென்று பிடிபடும்.