ஹான்ஜாவைக் கையால் எழுதுவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரிய நாடகங்கள் வழியாக ஹங்குல், அதாவது கொரிய எழுத்து, கற்றேன். இப்போது ஆய்வுக்காக 1960களின் கொரிய நாளிதழ்களை வாசிக்க வேண்டியிருக்கிறது. வரிக்கு வரி ஹான்ஜா, அதாவது சீன எழுத்து. பள்ளிகளுக்கான 1,800 எழுத்துப் பட்டியலைச் செயலியில் ஏற்றி நாளுக்கு இருபது வீதம் மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் பாதி மறந்துபோகிறது. முதலில் சீன மொழி படித்துவிடலாமா? பார்த்ததும் அடையாளம் தெரிந்தால் போதாதா, எழுதியும் பழக வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சீன மொழி இதற்குத் தேவையில்லை. கற்றலைக் குறிக்கும் 'ஹக்' என்ற எழுத்துக்குச் சீனாவில் இன்று 8 கோடுகள்; உங்கள் நாளிதழில் 16. ஒலியும் வேறு.

பட்டியலையும் மூடி வையுங்கள். 1972ல் தென்கொரியக் கல்வி அமைச்சு வகுத்தது அது. பாதி நடுநிலைப் பள்ளிக்கு, பாதி உயர்நிலைப் பள்ளிக்கு. அந்தச் சொற்களைப் பேசியே வளர்ந்த பிள்ளைகள் ஆறு வருடங்களில் படிப்பதை நாளுக்கு இருபதாக விழுங்கினால் மறக்காமல் என்ன செய்யும்? உங்கள் நினைவாற்றலில் குறையில்லை, அதை எண்ணிச் சோர்ந்துபோகாதீர்கள்.

ஆனால் 'அடையாளம் தெரிந்தால் போதாதா' என்று கேட்டீர்களே, அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். போதாது. 'மல்' என்றால் முடிவு, 'மி' என்றால் இன்னும் இல்லை. இரண்டிலும் அதே ஐந்து கோடுகள். மேல் கிடைக்கோடு நீண்டால் மல், கீழ்க்கோடு நீண்டால் மி. மை பரவிய பழைய அச்சில் இந்த வித்தியாசம் மயிரிழை அளவுதான். இரண்டையும் கையால் எழுதியவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். செயலியில் விரலால் தள்ளியவருக்குத் தெரியாது.

அகராதியைத் திறக்கவும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். 'ஒக்ப்யொன்' என்னும் எழுத்தகராதி 214 'புசு'க்களாக, அதாவது தலைமை உறுப்புகளாகப் பிரிந்திருக்கிறது. புசுவைக் கண்டுபிடித்து, மிச்சக் கோடுகளை எண்ணித் தேட வேண்டும். நாடு என்று பொருள்படும் 'குக்' எழுத்தைப் பாருங்கள். வெளிப்பெட்டிதான் புசு. அதற்கு நான்கு பக்கம் உண்டு, கோடுகளோ மூன்றுதான்: இடக்கோடு, மேலிருந்து வலப்புறமாக மடங்கி இறங்கும் ஒரே கோடு, அடிக்கோடு. அடிக்கோட்டை உடனே போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் 8 கோடுகளை முடித்த பிறகே பெட்டியை மூட வேண்டும். மொத்தம் 11. பெட்டியை நான்கு என்று எண்ணுபவர், உள்ளே இருக்கும் சின்னப் பெட்டியையும் நான்காக எண்ணி, எட்டு என்ற இடத்தில் ஒன்பதில் போய்த் தேடுவார். எழுத்து அகராதியிலேயே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். இடப்பக்கம் மூன்று துளியாகச் சுருங்கி நிற்கும் நீர் உறுப்பும் இப்படித்தான் ஏமாற்றும். மரபான வரிசையில் அதன் இடம் நான்கு கோட்டுப் புசுக்களோடு.

எழுதும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். கொரியர்கள் பொருளையும் ஒலியையும் சேர்த்தே ஓர் எழுத்துக்குப் பெயரிடுகிறார்கள்: 'நாரா குக்', நாடு குக். கூடவே உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களை எழுதுங்கள்: ஹங்குக், குக்கா. அரசுக்கும் குக்கா, நாட்டுப்பண்ணுக்கும் குக்கா. ஹங்குலில் இரண்டும் ஒன்றுபோலிருக்கும், ஹான்ஜாவில்தான் பிரியும். நாளுக்கு ஐந்து சொல் போதும்.

எழுத எழுத, வலப்பக்க உறுப்பு பல எழுத்துகளில் ஒலியைச் சொல்வது தெரியவரும். நீலம் என்னும் 'சொங்' எழுத்துக்கு இடப்பக்கம் நீர் சேர்ந்தால் தெளிவு, பேச்சு சேர்ந்தால் வேண்டுகோள். ஒலி இரண்டிலும் சொங்தான். மனம் சேர்ந்தால் உணர்வு, அங்கே ஒலி 'ஜொங்'. கொஞ்சம் பிசகும், ஆனாலும் ஊகிக்கக் கைகொடுக்கும்.

ஒலியை வைத்துத் தேடும்போது ஒன்று கவனியுங்கள். பெண் என்ற எழுத்தின் ஒலி 'ந்யொ'. சொல்லின் முதலில் வந்தால் 'யொ' ஆகிவிடும். 'யொ'வில் கிடைக்காவிட்டால் 'ந்யொ'வில் பாருங்கள்.

நாளிதழை எடுத்ததும் ஹான்ஜாவின் மேல் பாயாதீர்கள். மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக ஒரு பத்தியில் ஹங்குலில் உள்ள உருபுகளை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள்: உன், நுன், உல், ருல், எ, எசொ. அவற்றுக்கு முன்னால் நிற்பவை பெயர்ச்சொற்கள். தலைப்புகளில் தனியாக வரும் 'மி' (முன்பு பார்த்த மி அல்ல, அதே ஒலியுள்ள வேறோர் எழுத்து) பெரும்பாலும் அமெரிக்கா, 'இல்' ஜப்பான், 'புக்' வடகொரியா. அப்படி ஒரு பத்தியை முடித்து, தெரியாத எழுத்துகளின் புசுவையும் கோட்டு எண்ணிக்கையையும் ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் குறித்து, படமெடுத்து அனுப்புங்கள். எண்ணிக்கையைச் சரிபார்த்துத் தருகிறேன்.