நலங்கு மாவு தேய்த்தால் முகம் கறுக்குமா?

கே: வீட்டில் அரைத்த நலங்கு மாவை 16 வயது மகளுக்குத் தினமும் காலையில் தேய்த்துவிடுகிறேன். ஒரு மாதமாக இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு. பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கார்போக அரிசி எல்லாம் சேர்த்துத்தான் அரைத்தேன். மாவுதான் காரணமா?
- வாசகி, தஞ்சாவூர்

ப: கடிதத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் பட்டியலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கார்போக அரிசி. அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் அந்த இடம் சிவக்கும், பிறகு கறுக்கும். வெண்புள்ளிக்கு அதை மருந்தாக்கியதே நிறத்தை வரவழைக்கத்தான்! காலையில் பூசிக் குளித்து, வெயிலில் பள்ளிக்குப் போகிற பெண்ணுக்கு அது வேண்டவே வேண்டாம். இருக்கிற மாவை ஓரமாக வையுங்கள். வெளியே கிளம்பும்போது எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். திட்டு மெதுவாகத்தான் மங்கும். இரண்டு மாதத்தில் மாற்றமே தெரியவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை அரைக்க: பச்சைப்பயறு அரை கிலோ, கஸ்தூரி மஞ்சள் 50 கிராம், உலர்ந்த ஆவாரம்பூ, ரோஜா இதழ் தலா 50 கிராம், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் தலா 25 கிராம். பூக்கள் கையில் நொறுங்கும்வரை நிழலில் காய வேண்டும். வெட்டிவேரைப் பொடியாக நறுக்காவிட்டால் நார் நாராகவே நிற்கும். மில்லில் உங்களுக்கு முன்னால் யார், என்ன அரைத்தார்கள் என்று பாருங்கள். மிளகாய் அரைத்த கையோடு உங்கள் மாவையும் போட்டால் முகம் எரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அரிசி ஓடிய பிறகு கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய வேட்டித் துணியில் சலித்து, ஒரு சிட்டிகையை இரு விரலுக்கு நடுவே தேயுங்கள். ரவை மாதிரி நெருடினால் அது கை காலுக்கு மட்டும், முகத்தில் கீறும்.

முகத்துக்கு ஒரு டீஸ்பூன் போதும். எண்ணெய்ச் சருமத்துக்குத் தண்ணீரில் குழைக்கலாம், வறண்டதற்குப் பாலில் அல்லது புளிக்காத தயிரில். ஒரு நிமிடம் மெதுவாகத் தடவி, காயுமுன் கழுவிவிட வேண்டும். பழுத்த பரு இருக்கும்போது தேய்க்காதீர்கள். புது மாவு எதுவானாலும் முழங்கையின் உட்பக்கம் 10 நிமிடம் பூசிக் கழுவி, 48 மணி நேரம் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். ஈரக் கையை டப்பாவுக்குள் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

கே: எண்ணெய் வழிகிற முகம். தினமும் முல்தானி மட்டி போட்டு, நன்றாகக் காயவிட்டுக் கழுவுகிறேன். சாயங்காலம் மறுபடி பளபளக்கிறது. இப்போது தோலும் உரிகிறது.
- வாசகர், மதுரை

ப: எண்ணெய் சுரப்பது தோலுக்குள் இருக்கும் சுரப்பியில். மட்டி உறிஞ்சுவது மேலே வந்துவிட்டதை மட்டும். அதனால் சாயங்காலம் பளபளப்பது இயல்பு. நீங்கள் காயவிடும் நேரத்தில்தான் தோலின் ஈரமும் போகிறது. வாரம் ஒரு முறை போதும்: இரண்டு டீஸ்பூன் மட்டி, குழைய ஆகும் அளவு பன்னீர், கண்ணையும் உதட்டையும் விட்டு மெல்லிசாக. ஓரம் வெளுத்து, நடுவில் தொட்டால் இன்னும் ஈரம் இருக்கும் (சுமார் 7 நிமிடம்) என்ற நிலையில் நனைத்துக் கழுவுங்கள். வறட்டுச் சுரண்டல் கூடாது. பிறகு ஜெல் வகை மாய்ஸ்சரைசர். உரிவது நிற்கும்வரை மட்டிக்கு விடுமுறை.

கே: மார்கழி வந்தால் காலில் வெள்ளைக் கோடு. தேங்காய் எண்ணெய் தடவியும் போகவில்லை.
- வாசகி, குன்னூர்

ப: எப்போது தடவுகிறீர்கள்? எண்ணெய்க்குள் தண்ணீர் கிடையாது. இருக்கிற ஈரத்தை மூடித்தான் வைக்கும். வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்துக்குள் குளித்து, துண்டால் ஒற்றி, 3 நிமிடத்துக்குள் இரண்டு காலுக்கும் இரண்டு டீஸ்பூன் தடவுங்கள். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டும். அப்படியும் வெடித்தால் மருந்துக் கடையில் 10 சதவீத யூரியா கிரீம் கேளுங்கள். பரு வரும் முகத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துளைகளை அடைக்கும்.

கே: கழுத்துக் கறுப்புக்கு எலுமிச்சையும் சமையல் சோடாவும் தேய்க்கலாமா?
- வாசகி, சேலம்

ப: கூடாது. தோலின் பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் அமில-கார அளவு) 5-ஐ ஒட்டியது. எலுமிச்சை 2, சோடா 8-க்கு மேல். இரண்டும் எரிச்சலைத்தான் கிளப்பும், எரிந்த இடம் இன்னும் கறுக்கும். கறுப்பு வெல்வெட் மாதிரித் தடித்து, அக்குளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அழுக்கே இல்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனை செய்து, முடிவோடு மருத்துவரைப் பாருங்கள்.