அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் வாசிப்பு, எழுத்துப் பகுதிக்கு நல்ல டியூஷன் ஆசிரியரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், இந்தத் தேர்வு நடக்கும் புளூபுக் செயலியில் பிள்ளை ஒரு மாதிரித் தேர்வு எழுதட்டும், இலவசம்தான். தப்பாய்ப் போன கேள்வி ஒன்றை ஆசிரியர் முன் வைத்து, "இந்த விடை ஏன் சரியில்லை?" என்று கேளுங்கள். பத்தியில் எந்த வரி அதற்கு இடம் தரவில்லை என்று விரல் வைத்துக் காட்டினால், சரி, பேசலாம். "நிறையப் படித்தால் தானாக வரும்" என்பவருக்கு எதற்குக் காசு?

இந்தப் பகுதியில் இப்போது 64 நிமிடத்தில் 54 கேள்விகள். ஒரு குட்டிப் பத்திக்கு ஒரே கேள்வி. இன்னும் பழைய நீளப் பத்திகளையே பயிற்சிக்குக் கொடுப்பவர் வேண்டாம். ஆசிரியர் இந்தத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணெல்லாம் அப்புறம்தான். நிறுத்தற்குறி, இலக்கணத்தில் மட்டும் சறுக்கல் என்றால், கான் அகாடமி இணையதளத்தின் இலவசப் பாடங்களை முதலில் முயன்று பாருங்கள்.