பாயை விட்டு எழுந்த பிறகு
வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பலரும் ஒன்றையே சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காலையில் ஆசனம் செய்கிறோம், கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருகிறோம், சரி. அதற்கப்புறம் வேலை, ரோடு, அடுப்படி, ஆஸ்பத்திரி என்று போகிற நாளில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது? நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டேன்.

முதல் கடிதம்: அக்கா, எனக்கு வீடு பட்டர்வொர்த்தில், வேலை பினாங்குத் தீவில். தினமும் பினாங்குப் பாலத்தில்தான் காரில் போய் வருகிறேன். பல வருடமாகத் தியானம் செய்கிறேன். ஆனாலும் எமர்ஜென்சி லேனில் வந்து ஒருவர் குறுக்கே நுழைந்தால் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடுகிறது. சில நாள் பக்கத்தில் மகள் இருப்பாள். இத்தனை வருடப் பயிற்சி வீண்தானா?

வீண் இல்லை, தம்பி. வார்த்தை வாயை விட்டுப் போனதும் உங்களுக்கே உறுத்துகிறதே, அது பயிற்சி தந்ததுதான். தியானம் செய்தால் கோபமே வராது என்று பலர் நம்புகிறார்கள். நான் பார்த்தவரை அப்படி ஒருவரும் கிடையாது. கோபம் வரும். அதை எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறோம், எவ்வளவு நேரம் கூடவே வைத்துக்கொண்டு அலைகிறோம் என்பதில்தான் மாற்றம் தெரியும். உங்கள் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். பிறையில் ஏறும்போது வந்த கோபம் குளுகோரில் இறங்கும்போதும் இருக்கிறதா, நடுக்கடலிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். ஒரு வருடம் முன்பு எப்படி இருந்தது என்றும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். வார்த்தை கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பே ஸ்டியரிங்கைப் பிடித்த விரல் இறுகியிருக்கும், தாடை கடித்திருக்கும், தோள் மேலே ஏறியிருக்கும். விரல் இறுகுவது தெரிந்த உடனே மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். பதஞ்சலி தன் யோக சூத்திரத்தின் முதல் பாதத்திலேயே (முதல் பகுதியிலேயே), மனம் தெளிய ஒரு வழியாக மூச்சை வெளியே விடுவதைச் சொல்கிறார். உடம்பின் கணக்கும் அதோடு ஒத்துப்போகிறது. மூச்சை மெதுவாக விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுக் குறையும். ஆனால் ஓட்டும்போது கண்ணை மூடவே கூடாது, மூச்சை அடக்கிப் பழகவும் கூடாது. விடுவது மட்டும் போதும்.

அந்தச் சூத்திரத்துக்கு முந்தையதில் அவர் நான்கு விதமான மனிதர்களைச் சொல்கிறார். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, தவறு செய்பவரை அவர் போக்கில் விட்டுவிடுவது. உங்கள் முன்னால் நுழைந்தவர் நாலாவது ஆள். அவரைத் திருத்துகிற பொறுப்பு உங்களுடையது இல்லை. மகள் இருக்கும்போது வார்த்தை தவறிவிட்டால், "அப்பா பேசினது தப்பு" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அதுவும் பயிற்சிதான்.

இரண்டாவது கடிதம்: பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மின்னணுச் சில்லுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பிரிக்கும் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பாதி மாதம் நைட். காலையில் வீட்டுக்கு வந்து தியானத்துக்கு உட்கார்ந்தால் தூங்கி விழுகிறேன். எல்லாச் சம்பவத்திலும் ஒரு பாடம் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள். என் வேலையில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, அக்கா.

தங்கச்சி, நைட் முடித்து வந்தால் தூங்குங்கள். அந்த நேரத்தில் உட்காரவே வேண்டாம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பு விழிக்கப் பார்க்கும், அப்புறம் பகல் முழுக்கத் தூக்கம் கெடும். ஃபேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வீடு, குளியல், லேசாகச் சாப்பாடு. ஜன்னல் திரையை நன்றாக இழுத்து மூடிவிட்டுச் சவாசனத்தில் படுங்கள். பாதத்திலிருந்து மேலே ஒவ்வொரு இடமாகத் தளர்த்திக்கொண்டு வரும்போதே தூக்கம் வந்தால் வரட்டும். உட்கார்ந்து செய்வதைச் சாயங்காலம், வேலைக்குக் கிளம்பும் முன் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கிடைத்தாலும் போதும்.

பாடம் பற்றிக் கேட்டீர்கள். நடக்கிற ஒவ்வொன்றும் நமக்கு யாரோ அனுப்பும் தகவல் என்று தேட ஆரம்பித்தால் மனம் இன்னும் அலையும். பஸ் தாமதமானால் அதற்கு ஓர் அர்த்தம், ரசம் பொங்கி வழிந்தால் அதற்கு ஓர் அர்த்தம் என்று போய்க்கொண்டே இருக்கும். நிகழ்ச்சியை விடுங்கள். அது நடக்கும்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். நான் பாடம் என்று சொல்வது அதைத்தான்.

உங்கள் வேலை இதற்கு மிகவும் ஏற்றது. மைக்ராஸ்கோப்பில் ஒரு சில்லைப் பார்க்கிறீர்கள், மனம் எங்கோ போகிறது, திரும்பக் கொண்டுவருகிறீர்கள். பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் ஆறாவதான தாரணை, மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது. நீங்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் அதைத்தான் பழகுகிறீர்கள். இனி ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மனம் போகும்போது எங்கே போனது என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களுக்குத்தான் மாறி மாறிப் போகும். கட்ட வேண்டிய கடன், நாத்தனார் சொன்ன ஒரு சொல், பிள்ளையின் பரீட்சை. எது உங்களை இழுக்கிறது என்பது தெளிவாகத் தெரிய ஆரம்பித்தால், அதற்கு என்ன செய்யலாம் என்பதும் யோசிக்க வரும். கடன் என்றால் உட்கார்ந்து கணக்கு எழுத வேண்டும், நாத்தனார் என்றால் நேரில் பேச வேண்டும்.

கிளீன் ரூமுக்குள் போகும் முன் தலைமூடி, முகமூடி, அங்கி, பூட்ஸ், கையுறை என்று முறைப்படி அணிவீர்கள். அந்த நேரத்தில் பேச்சில்லாமல் ஒவ்வொன்றையும் கவனித்து அணிந்து பாருங்கள். வேலைக்குள் நுழையும்போதே மனம் அடங்கியிருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். யோகா செய்தால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் தாங்கலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2023 முதல் மலேசியச் சட்டப்படி வாரத்துக்குச் சாதாரண வேலை நேரம் 45 மணிதான். அதற்கு மேல் போவது ஓவர்டைம், அதற்குக் கூலி உண்டு. உடம்பு கேட்கும் ஓய்வை எந்தப் பிராணாயாமமும் ஈடு செய்யாது.

மூன்றாவது கடிதம்: அம்மாவுக்குப் போன வருடம் ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. வேலையை விட்டுவிட்டு ஆயர் ஈத்தாம் வீட்டில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பார்க்க வரும் சொந்தக்காரர்கள், "இது கர்மவினை, இதில் உனக்கு ஒரு பாடம் இருக்கிறது" என்கிறார்கள். கேட்கும்போது வயிறு எரிகிறது. பாயை விரித்துப் பல மாதம் ஆகிறது. நான் ஆன்மிகத்தை விட்டு விலகிவிட்டேனா?

விலகவில்லை, கண்ணு. உங்கள் வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது.

நான் வார்டில் தாதியாக வேலை பார்த்தவள். ஸ்ட்ரோக் வந்தவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன், திருப்பிப் படுக்கவைத்திருக்கிறேன், ஊட்டியிருக்கிறேன். ஸ்ட்ரோக் பெரும்பாலும் ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், புகைப்பழக்கம், இதயத்தின் சீரற்ற துடிப்பு இவற்றிலிருந்து வருகிறது. மூளையின் இடது பக்கம் பாதித்தால் வலது கை கால் விழும், பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகும். அந்தப் பேச்சு குழறுகிறவர்களில் நிறையப் பேருக்குக் கேட்பது நன்றாகவே புரியும். பதில் சொல்லத்தான் முடியாது. உங்கள் சொந்தக்காரர்கள் கட்டில் பக்கத்தில் நின்று கர்மவினை பேசும்போது அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இதை அவர்களிடம் நேராகவே சொல்லுங்கள். பேச வேண்டுமென்றால் கூடத்துக்கு வரச் சொல்லுங்கள்.

நம் துன்பத்திலிருந்து நாமே ஒன்றைக் கற்றுக்கொண்டால் அது பாடம். அடுத்தவர் துன்பத்தைக் காட்டி, இது உனக்குப் பாடம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அதிலும் ஒரு தாயின் நோயை மகளுக்கு வந்த பாடம் என்று சொல்வது கொடுமை. திருமூலர் எல்லோராலும் முடிந்த தர்மம் எது என்று ஒரு பாட்டில் சொல்கிறார். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், சாப்பிடும்போது அடுத்தவருக்கு ஒரு கைப்பிடி, அதுவும் இல்லாவிட்டால் பிறரிடம் ஓர் இனிய சொல். பார்க்க வருகிறவர்களிடம் நாம் எதிர்பார்ப்பது அந்தக் கடைசி ஒன்றைத்தான்.

இனி உங்களைப் பற்றி. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறீர்கள் அல்லவா? நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறிய கரண்டியில் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்து, வாயில் மிச்சம் இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் புரை ஏறும், நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரை போய்விடும். அதனால் அந்த அரை மணி நேரமும் உங்கள் கண் வேறெங்கும் போவதில்லை. அடுத்த வேலையையும் நினைக்க முடியாது. இப்படி ஒருமுகப்பட்டு உட்கார எத்தனை பேர் ஆசிரமம் ஆசிரமமாகப் போகிறார்கள்! நீங்கள் ஒரு நாளைக்கு மூன்று வேளை அதைச் செய்கிறீர்கள். (விழுங்குவதில் சிரமம் இருந்தால் ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி தருபவரிடம் கட்டாயம் காட்டுங்கள். தண்ணீரையும் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று சிலருக்குச் சொல்வார்கள்.)

பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்ற டாக்டர் 1913-இல் மலாயாவுக்கு வந்தார். பத்து வருடம் இங்கேதான், சிரம்பான் பக்கம் தோட்ட ஆஸ்பத்திரியிலும் பிறகு ஜொகூரிலும், நம் மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ரிஷிகேஷ் போய்ச் சுவாமி சிவானந்தர் ஆனார். அவர் தம் சீடர்களுக்கு வகுத்த வரிசையில் சேவை முதலில் வருகிறது, தியானம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. நோயாளியின் கட்டில் பக்கத்தில் வருடக்கணக்காக நின்றவர் அப்படி வரிசை வைத்ததை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

ஆனால் இதைச் சொல்லி உங்களை இன்னும் சுமக்க வைக்க நான் விரும்பவில்லை. சேவை செய்கிறவளுக்கும் உடம்பு இருக்கிறது. அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புகிறீர்கள் என்றால் உங்கள் இடுப்பு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். குனிந்து தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி, கட்டிலை ஒட்டி நின்று, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே திருப்புங்கள். அவருக்கு அடியில் ஒரு துணியை விரித்து, அந்தத் துணியைப் பிடித்து இழுத்தால் பாதிப் பாரம் குறையும். திருப்பி முடித்ததும் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைப் பூனை மாதிரி வளைத்து நிமிர்த்துங்கள், நாலைந்து மூச்சு. இப்போதைக்கு உங்கள் யோகா இவ்வளவு போதும்.

அப்புறம், உதவி கேளுங்கள். வந்து போகிற சொந்தக்காரர்களில் யாரையாவது சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் அம்மாவோடு இருக்கச் சொல்லுங்கள். தாவரவியல் பூங்காவுக்குப் போய் நடந்துவிட்டு வாருங்கள், அல்லது தூங்குங்கள். அண்ணன் தம்பி இருந்தால் பொறுப்பைப் பங்கு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பெண் பிள்ளை என்பதால் எல்லாம் உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. ராத்திரித் தூக்கமே இல்லாமல், எதற்கெடுத்தாலும் அழுகை வருகிற நிலை தொடர்ந்தால் கிளினிக்கில் டாக்டரிடம் உங்களைப் பற்றியும் பேசுங்கள். எனக்கும் மறுபடி எழுதுங்கள்.

நான்காவது கடிதம்: வயது அறுபத்தெட்டு. பத்மாசனம் போட்டால் முழங்கால் வலிக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து தியானம் செய்தால் பலன் குறையுமா?

குறையாது, ஐயா. ஆசனம் என்றால் அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் பதஞ்சலியின் இலக்கணம். கால் எப்படி மடங்க வேண்டும் என்று அந்த இடத்தில் அவர் சொல்லவே இல்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் படும்படி, முதுகைச் சாய்க்காமல் உட்காருங்கள். கால் எட்டவில்லை என்றால் ஒரு பலகையை வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வீங்கியோ சூடாகவோ இருந்தால், பத்மாசனத்தை விட்டுவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.