காதும் கண்ணும் சாட்சி சொன்னால் போதுமா?

கேள்வி: யார் குரலையும் முகத்தையும் ஏஐ வைத்துப் போலியாகச் செய்துவிட முடிகிறது. இனி ஆடியோ, வீடியோ எதையும் ஆதாரமாக ஏற்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டால் என்ன?

பதில்: கூடவே கூடாது. அப்படி ஒரு சட்டம் வந்தால் முதலில் நிம்மதியடைவது, கைதியை அடித்துக் கேமராவில் சிக்கியவரும், லஞ்சம் பேசிப் பதிவில் மாட்டியவரும்தான். எளியவர்களுக்குப் பல நேரம் செல்போன் மட்டுமே சாட்சி.

உண்மையைப் போலி என்று சொல்லித் தப்பும் முயற்சி ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2023-ல் கலிபோர்னியாவில், டெஸ்லா கார் விபத்தில் இறந்தவரின் குடும்பம் தொடுத்த வழக்கில், டெஸ்லா தலைவர் ஈலான் மஸ்க் 2016-ல் பொது மேடையில் பேசிய பதிவைக் காட்டினார்கள். அவரை வைத்து எத்தனையோ டீப்ஃபேக் (ஏஐ செய்த போலிப் பதிவு) உலவுகிறதே என்று நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் அந்தப் பேச்சையே சந்தேகத்துக்குள் தள்ளப் பார்த்தார்கள். நீதிபதி அந்த வாதத்தை ஏற்கவில்லை.

சரி, உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சாட்சிய விதி 901-ன்படி, குரலுக்குப் பழகிய ஒருவர் ‘இது அவர் குரல்தான்’ என்று சொன்னாலே அடையாளம் காட்டியதாகக் கொள்ளலாம். குரலைப் போலி செய்வது அரிதாக இருந்த காலத்து விதி அது. இன்று சில விநாடிப் பதிவு இருந்தால் குரலை நகலெடுத்துவிடலாம். பெற்ற தாயே ஏமாந்துபோவாள். அவள் பொய் சொல்லவில்லை, மனதார நம்பிச் சொல்கிறாள். பொய் சொல்பவரைக் குறுக்கு விசாரணையில் தடுமாற வைக்கலாம். ஏமாந்தவரை எப்படித் தடுமாற வைப்பது?

2024-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கு. மங்கலான செல்போன் வீடியோவை ஏஐ மென்பொருளால் துலக்கிக் கொண்டுவந்தது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு. அசலில் இல்லாத புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்பியிருந்தது; நீதிபதி அனுமதிக்கவில்லை. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது.

மாற வேண்டியது, பதிவை ஆதாரமாகக் கோர்ட்டுக்குள் விடும் விதி. பதிவைக் கொண்டுவருபவர் அசல் கோப்பையும் அது கைமாறிய வழியையும் காட்ட வேண்டும். ‘போலி’ என்பவரும் வெறும் வாயால் சொன்னால் போதாது, காரணம் காட்ட வேண்டும். தடயவியல் சோதனைக்குக் காசில்லாதவருக்கு அரசே செலவு செய்ய வேண்டும்.

அப்புறம் ஒன்று. உங்களிடம் முக்கியமான பதிவு இருந்தால் அசல் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். அந்த நகலை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகாதீர்கள்.