ஆமைக் குட்டியை ஃபிரிட்ஜில் தூங்க வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஹெர்மன் வகை ஆமைக் குட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு வயது ஆகப்போகிறது, எடை 90 கிராம். அக்டோபர் பிறந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாமல், மூலையில் மண்ணுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடக்கிறது. குளிர்காலம் முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துத் தூங்க வைக்க வேண்டும் என்கிறார் விற்றவர். “உயிருள்ளதைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைப்பதா?” என்று என் மாமியார் சண்டைக்கு வருகிறார். என்ன செய்வது? – வாசகி, லெஸ்டர், இங்கிலாந்து.

பதில்: விற்றவர் விஷயம் தெரியாமல் பேசவில்லை. இத்தாலியிலும் பால்கன் பகுதிகளிலும் ஹெர்மன் ஆமைக் குஞ்சுகள் கோடைக் கடைசியில் முட்டையிலிருந்து வெளிவந்து, முதல் குளிர்காலத்திலேயே மண்ணுக்குள் புதைந்து உறங்கத்தான் செய்கின்றன. ஆகவே வயது ஒரு தடையில்லை. ஆனால் காட்டில் எத்தனை குஞ்சுகள் வசந்தத்தில் எழுந்திருக்காமல் போகின்றன என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: நட்சத்திர ஆமை, சுல்காட்டா போன்ற வெப்ப நாட்டு ஆமைகளுக்கு இந்த உறக்கமே கிடையாது. அவற்றை ஃபிரிட்ஜ் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.)

எனக்கு உறுத்துவது, அது சாப்பிடாமல் இருப்பதுதான். பகல் குறைந்து குளிர் ஏறும்போது நலமாக உள்ள ஆமையும் மந்தமாகும். நோயுள்ள ஆமையும் இப்படித்தான் கிடக்கும். வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விளக்கைப் போட்டு நன்றாகச் சூடாக்கி, தினமும் வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். சில நாட்களில் எழுந்து தின்ன ஆரம்பித்தால், அது பருவத்தின் வேலை. சூடு கொடுத்தும் வாயைத் திறக்கவில்லை, மூக்கில் நீர் வடிகிறது, கண் வீங்கியிருக்கிறது என்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லோருக்கும் ஆமை பழக்கம் இருக்காது. கேட்டுவிட்டுப் போவது நல்லது. சாணத்தில் புழு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நீளத்தையும் எடையையும் ஒப்பிடும் ‘ஜாக்சன் விகிதம்’ என்ற அட்டவணையை யாராவது நீட்டினால் நம்பிவிடாதீர்கள். அது வளர்ந்த ஆமைகளை வைத்துப் போட்ட கணக்கு.

என் முடிவைக் கேட்டால், இந்த வருடம் உறக்கம் வேண்டாம். உடலில் சேமிப்பு இல்லாமல் குளிருக்குள் அனுப்புவது ஆபத்து. ஒரு குளிர்காலம் விழித்திருப்பதால் குட்டிக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் விழித்திருப்பது என்றால் முழுதாக விழித்திருக்க வேண்டும். விளக்கின் நேர்கீழே 32 டிகிரி அளவு வெப்பம், யுவிபி விளக்கு (வெயிலில் இருப்பது போன்ற புற ஊதாக் கதிரைத் தருவது), 12 மணி நேர வெளிச்சம், தினமும் இலைதழை. மின்கட்டணம் ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்து, 15 டிகிரி அறையில் சும்மா விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே மோசம். அந்தச் சூட்டில் அதனால் தூங்கவும் முடியாது, தின்றதைச் செரிக்கவும் முடியாது; உள்ளே இருக்கும் சத்து மட்டும் கரைந்துகொண்டே போகும்.

அடுத்த வருடம் நன்றாகத் தின்று எடை கூடியிருந்தால் தூங்க வைக்கலாம். குளிர்காலம் முழுக்க வேண்டாம், நான்கிலிருந்து ஆறு வாரம் போதும். ஃபிரிட்ஜ் கொடுமையில்லை என்று மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: தோட்டத்துப் பெட்டியில் வெப்பம் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் கண் பார்வையே போகலாம். 10 டிகிரியைத் தாண்டினால் பாதியில் விழித்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் 5 டிகிரியை ஒட்டி நிறுத்தலாம். ஆனால் தோசை மாவுக்குப் பக்கத்தில் இடம் போட வேண்டாம், அந்தக் கதவு நாள் முழுக்கத் திறந்து மூடும். தனியாக ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கி, உள்ளே வெப்பமானி வைத்து, இரண்டு வாரம் காலியாக ஓட்டிப் பாருங்கள். காற்றுக்காகத் தினமும் ஒரு முறை திறந்தால் போதும்.

தூங்க வைப்பதற்கு 10 நாள் முன்பே உணவை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய முதல் சில நாட்கள் சூடும் வெதுவெதுப்பான நீர்க் குளியலும் தொடரட்டும். அப்போதுதான் குடல் காலியாகும். இல்லாவிட்டால் வயிற்றில் இருப்பது செரிக்காமல் அழுகிவிடும். அப்புறம் சூட்டைப் படிப்படியாகக் குறையுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுவது முக்கியம். 90 கிராமில் தூங்கப் போன ஆமை 81-க்கு வந்தால் எழுப்பிவிட வேண்டும். சிறுநீர் கழித்திருந்தாலும் அப்படியே, உடலில் இருந்த நீர் போய்விட்டது என்று அர்த்தம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எடைக் கணக்கு நோட்டை அவர்களிடமே கொடுத்துவிடலாம். இந்த மாதிரி வேலையைப் பிள்ளைகள் நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

இப்போதைக்கு, யுவிபி விளக்கு எப்போது வாங்கியது என்று பாருங்கள். எரிந்துகொண்டிருந்தாலும் அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் நாளாக ஆகக் குறைந்துவிடும். ஒரு வருடம் தாண்டியிருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.